கிளிநொச்சியில் 4 மாதம்: சனி, ஞாயிறு எங்கே போவது?

காவிரிக்கரை | 2024 மே 28
திருச்சியிலிருந்து எழுதுகிறேன். ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை கிளிநொச்சிப் பக்கம் ஒரு குடிநீர்த் திட்டத்தில் தன்னார்வ வேலை. கிணறு இறைப்பு, தண்ணீர்ப் பரிசோதனை, குழாய் வேலை. சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிறு இரவு வரை விடுப்பு. முன்னால் போய் வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "வன்னியில பார்க்க ஒண்ணுமில்ல, யாழ்ப்பாணம் பஸ்ஸைப் பிடிச்சிடு." நிஜமா? சைக்கிள் மிதிப்பேன், நீச்சல் தெரியும். ஏரிகள் நிறைய உண்டாமே, இறங்கிக் குளிக்கலாமா?

குளக்கட்டு | மே 28
ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள் காலமை 11 மணிக்கு வெளிக்கிட்டவர்களாக இருக்கும். அந்த நேரத்தில் வன்னியில் நாயே வெளிக்கிடாது.

இங்கே நேரம்தான் இடம். விடிய 5 மணிக்குச் சைக்கிளில் ஏற வேண்டும். 10.30க்கு நிழலுக்குள் போய்விட வேண்டும். பின்னேரம் 3.30க்குத் திரும்ப வேண்டும். 5.30க்குப் பிறகு காட்டு வீதியில் இருக்கக் கூடாது. இந்த 4 நேரத்தையும் எழுதி ஒட்டிவையுங்கோ. மிச்சம் எல்லாம் பிறகு கதைக்கலாம்.

முதலில் ஒரு திருத்தம்: ஏரி இல்லை, குளம். இரணைமடுவைப் பார்த்துவிட்டு "இதுவா குளம்" என்று வாயைப் பிளக்க வேண்டாம். எங்கள் ஊரில் கடலுக்கு அடுத்தது குளம்தான்.

குளக்கட்டு | மே 29
குளிக்கிறதைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீச்சல் தெரிந்தவன்தான் குளத்தில் சாகிறான் என்று இங்கே சும்மா சொல்வதில்லை.

குளத்துக்குத் துருசு இருக்கும், வான் இருக்கும். துருசு என்றால் உங்கள் ஊர் மதகு. சிறுபோகத்துக்கு (கோடை நெல்லுக்கு) தண்ணி விடும் நாளில் துருசுக் கதவு திறந்திருக்கும். கட்டின் உள்பக்கம் மேற்தண்ணி அசையாமல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், அடியில் இழுவை. அந்த இடத்தில் காலை நனைக்கவே வேண்டாம். வான் பாய்ந்து விழுகிற இடத்தின் கீழே வெள்ளம் தோண்டின கிடங்கு இருக்கும். கோடையில் முழங்காலளவு போலத் தெரியும், ஒரு அடி தள்ளி வைத்தால் ஆள் தாழும்.

மூன்றாவது முதலை. ஆடி, ஆவணியில் குளம் வற்ற வற்ற மிஞ்சின தண்ணிக்குள் எல்லாம் ஒன்றாகச் சேரும். மாடு எந்த இடத்தில் தயங்கித் தயங்கித் தண்ணி குடிக்கிறதோ அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

குளிக்க ஏற்ற இடம் வாய்க்கால். துருசைத் தாண்டிக் கீழே, படிக்கட்டுக் கட்டி, ஊர்ச்சனம் உடுப்புத் தோய்க்கிற இடம். தண்ணி இடுப்பளவு ஓடும், குளிர்ச்சியாக இருக்கும். பெண்கள் குளிக்கிற நேரத்தை விசாரித்துப் போங்கோ, ஆண்கள் ஜட்டியோடு நிற்க வேண்டாம், சாரம் (கைலி) கட்டுங்கோ.

காவிரிக்கரை | மே 30
"வான் பாய்கிறது" என்று ஒரு பதிவில் படித்து, வானம் எப்படிப் பாயும் என்று குழம்பியிருந்தேன். குளம் நிறைந்து வழியும் கலிங்கு என்று இப்போதுதான் விளங்கியது.

குளக்கட்டு | மே 30
மார்கழியில் வந்தால் இரண்டும் சேர்ந்தே பாயும்.

சைக்கிள்கடை | ஜூன் 2
சைக்கிள் கொண்டு வர வேண்டாம். இங்கேயே பழைய லுமாலா ஒன்று வாங்கி, போகும்போது விற்கலாம். கியர் சைக்கிளின் மெல்லிய ரயருக்குக் கிறவல் வீதி சரிவராது. 28 × 1½ ரயர் என்றால் எந்தச் சந்தியிலும் ரியூப் கிடைக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை: பெடல் அச்சு ஆடுகிறதா, பின் சக்கரத்தில் கம்பி ஏதும் தளர்ந்திருக்கிறதா (விரலால் தட்டினால் சத்தம் வேறுபடும்), பிறேக் கட்டை ரிம்மில் முழுதாகப் படுகிறதா. பின்னுக்குக் கரியர் கட்டாயம். தண்ணிக்கு அதுதான் இடம்.

பையில்: ரியூப் 2, ஒட்டுத் துண்டு, சொலூசன், உப்புத்தாள், ரயர் கழற்றும் நெம்பு 2, 15 ஸ்பானர், கைப்பம்பு, பழைய பருத்தித் துணி.

துணி ஏன் என்றால்: வன்னி வீதியில் காற்றுப் போவது ஆணியால் இல்லை, முள்ளால். உடைமுள் குத்தினால் நுனி ரயருக்குள்ளேயே முறிந்து நிற்கும். புது ரியூப் போட்டு 200 மீற்றர் போக மறுபடி காற்று இறங்கும், கடைக்காரனைத் திட்டுவீர்கள். ரியூப்பைக் கழற்றின உடனே துணியை ரயரின் உள்பக்கம் சுற்றிவர இழுங்கோ. முள் இருக்கிற இடத்தில் துணி பிடிக்கும். விரலைப் போட்டுத் தேடினால் விரல்தான் கிழியும்.

ஒட்டுகிறது: உப்புத்தாளால் உரசி, சொலூசனை மெல்லிசாகப் பூசி, பளபளப்பு மங்கும் வரை விட வேண்டும். 3, 4 நிமிடம். ஈரத்தோடு ஒட்டினால் வெயிலில் ஒரு மணித்தியாலத்தில் கழன்று வரும். வெயிலில் வைத்துப் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து அடியில் ஈரம் நிற்கும், அதுவும் கழரும். நிழலில் செய்யுங்கோ.

குளக்கட்டு | ஜூன் 3
பையின் பாரத்தைப் பார்த்தால் இவர் சைக்கிளில் போகவில்லை, சைக்கிள்கடை போடப் போகிறார்.

அதோடு சேர்க்க: தண்ணி 2 லீற்றர். ஜீவனி 2 பக்கற், ஒரு லீற்றருக்கு ஒன்று. உங்கள் ஊரில் எலக்ட்ரால் என்பீர்கள். தொப்பி, மெல்லிய நீளக்கைச் சட்டை.

காவிரிக்கரை | ஜூன் 4
கண்ணிவெடி பயமெல்லாம் இப்போது இல்லை என்கிறார்கள். காட்டு வழியில் சைக்கிள் ஓட்டலாம்தானே?

குளக்கட்டு | ஜூன் 4
இல்லை என்று சொன்னவர் யார்? மிதிவெடி அகற்றும் வேலை இன்றைக்கும் நடக்குது. 2017 இல் இலங்கை மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது, வேலையை முடிக்க வைத்திருக்கிற கெடு 2028. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் என்று 4 அமைப்புகளின் ஆட்கள் தினமும் வெயிலில் குந்தியிருந்து நிலத்தைச் சுரண்டுகிறார்கள். எங்கள் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் அதில். வீதியோரம் சிவப்பில் மண்டையோடு போட்ட பலகையைக் கண்டால் பின்னுக்கு நிற்கிறது காடு இல்லை, அவர்கள் இன்னும் வந்து சேராத நிலம்.

ஓட்டக்கூடியது சனம் தினமும் ஓட்டுகிற வீதி. ரயர்த்தடம் புதிதாக இருக்க வேண்டும். மாடு போன தடம் கணக்கில் இல்லை, மாட்டுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பழைய மண் அணை, இடிந்த பங்கர், முட்கம்பிச் சுருள், தனியாக நிற்கிற கூரை இல்லாத வீடு, இவற்றுக்குக் கிட்டப் போகக் கூடாது. பாதுகாப்புக்காகப் புதைத்தவர்கள் அங்கேதான் புதைத்தார்கள். வெள்ளம் வந்தால் புதைத்த இடத்தை விட்டு நகர்ந்தும் போகும்.

ஒன்றுக்குப் போகத்தான் ஆட்கள் பற்றைக்குள் இறங்குகிறார்கள். வீதிக்கரையிலேயே நில்லுங்கோ, வெட்கம் போனால் போகட்டும்.

ஏதாவது கண்ணில் பட்டால் தொடவும் வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம். அப்படியே நின்று, வந்த காலடியிலேயே பின்னுக்குப் போய், வீதிக்கு வந்து 119 அல்லது அந்த ஊர்க் கிராம சேவையாளர். துருப்பிடித்த இரும்பை நினைவுப் பொருளாக எடுப்பது வேண்டவே வேண்டாம்.

குளக்கட்டு | ஜூன் 9
தனிமடலில் முள்ளிவாய்க்கால் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதிலை இங்கேயே வைக்கிறேன், வேறு ஆட்களும் கேட்பார்கள். அது சுற்றிப்பார்க்கிற இடம் இல்லை. போகலாம். ஊரவர் ஒருவரோடு போங்கோ, கமராவை வீட்டில் விடுங்கோ, அவர் கதைத்தால் கேளுங்கோ, கதைக்காவிட்டால் கேட்க வேண்டாம். அந்த நாளில் வேறு ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கமரா என்றதும் இன்னொன்று: இராணுவ முகாம், சோதனைச்சாவடி, கடற்படை நிற்கிற கரை, இவற்றைப் பிடிக்கக் கூடாது. ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். திருச்சியிலேயே விட்டுவிட்டு வாருங்கோ.

காவிரிக்கரை | ஜூன் 19
வந்து சேர்ந்தாயிற்று. சகபணியாளர்கள் "முறிகண்டியில கச்சான் வாங்கி வா" என்கிறார்கள். எங்கள் கரையோரத்தில் கச்சான் என்றால் காற்று. காற்றை எப்படி வாங்குவது?

குளக்கட்டு | ஜூன் 19
எங்களுக்கும் கச்சான் காற்று உண்டு. ஆனால் முறிகண்டியில் விற்பது வேர்க்கடலை, சுடுமணலில் வறுத்தது. ஏ9 வீதியில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டிச் சும்மா போகாது. நின்று, தேங்காய் உடைத்து, கால்முகம் கழுவி, கச்சான் வாங்கித்தான் போகும். சுண்டுக் கணக்கில் அளப்பார்கள், பால்மா ரின் அளவு. வாங்கும் முன் ஒன்றை உடைத்துப் பாருங்கோ: தோல் கையில் உரிந்து வந்தால் இன்றைய வறுவல். ஒட்டிக்கொண்டு நின்றால் நேற்றையது.

கிளிநொச்சியிலிருந்து தெற்கே, காலமை ஒரு மணித்தியாலச் சைக்கிள் ஓட்டம். முதல் ஞாயிறுக்கு அது போதும். உடம்பு வெக்கைக்குப் பழக 2 கிழமை (வாரம்) வேண்டும்.

கரைவலை | ஜூன் 21
குளத்துக்காரர் குளத்தைத் தாண்ட மாட்டார். நான் கடலைச் சொல்கிறேன்.

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகக் காற்று, தென்மேற்கிலிருந்து. அந்தக் காலத்தில் முல்லைத்தீவுக் கரை அமைதி, மன்னார், பூநகரிப் பக்கம் கொந்தளிப்பு. வாடை தொடங்கினால் முல்லைத்தீவில் கரையில் நிற்கவே பயமாக இருக்கும். நீங்கள் நிற்கிற 4 மாதமும் கிழக்குக் கரைக்கான மாதம். அமைதி என்று சொன்னதற்காக நெஞ்சளவுக்கு மேலே போக வேண்டாம், கரையை விட்டு உடனே ஆழம். அலை உடையாமல் தட்டையாக, மண்ணிறமாக ஒரு பட்டை வெளியே ஓடுகிற இடம் தெரிந்தால் அங்கே இறங்கக் கூடாது. இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்துங்கோ.

கரைவலை இழுக்கலாம். சம்மாட்டியாரிடம் (வலை முதலாளி) கேட்டுவிட்டுக் கயிற்றில் கை வைக்க வேண்டும். வள்ளம் வலையை அரைவட்டமாக வளைத்து வரும், இரண்டு கயிறும் கரையில், மீன் சேரும் மடி நடுவில். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வர வேண்டும், அதற்குத்தான் மண்டாடி (இழுவையை நடத்துகிறவர்) கத்துகிறார். புதிதாக வருகிறவர்கள் உற்சாகத்தில் ஒரு பக்கம் வேகமாக இழுப்பார்கள். மடி சரியும், தளர்ந்த பக்கத்தால் மீன் போய்விடும், ஒரு நாள் உழைப்புப் போச்சு. கையால் மட்டும் இழுத்தால் 10 நிமிடத்தில் கொப்பளம். உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதிக்காலை மணலில் குத்தி, பின்னுக்கு நடக்க வேண்டும். பாரம் இடுப்புக்கு. கரைக்கு மேலே போய் முடிந்தவர் கயிற்றை விட்டு முன்னுக்கு ஓடி வந்து மறுபடி பிடிக்க வேண்டும். சில பாடுகளில் (வலை போடும் கரைத்துண்டுகளில்) இப்போது ரக்டரில் பூட்டின இயந்திரம்தான் இழுக்குது, அங்கே உங்களுக்கு வேலை இல்லை.

முடிவில் கறிக்கு மீன் தருவார்கள். காசை நீட்ட வேண்டாம், மீனை மறுக்கவும் வேண்டாம்.

மடியைக் கொட்டும்போது வெறுங்காலோடு கிட்டப் போகாதேங்கோ. கெளிறு (கெளுத்தி) மணலுக்குள் துள்ளிக் கிடக்கும், முள் ஏறினால் உயிர் போகிற வலி. தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணியில் காலை 30 நிமிடத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். திருக்கைக்கும் அதுதான். பிறகு ஆஸ்பத்திரி, முள் உள்ளே முறிந்திருக்கலாம். சொறி (ஜெல்லிமீன்) பட்டால் உரசக் கூடாது, மணலும் போடக் கூடாது, கடல்தண்ணியால் கழுவ வேண்டும்.

காவிரிக்கரை | ஜூன் 21
ஞாயிறு விடியற்காலை போனால் வலை இழுப்பார்களா?

கரைவலை | ஜூன் 22
அதுதான் சிக்கல். கத்தோலிக்கர் பாடுகளில் ஞாயிறு வலை இல்லை, பூசைக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கு விடுப்பும் ஞாயிறுதான். போயா நாளைப் பாருங்கோ. மாதம் ஒரு முழுநிலா, நாடு முழுக்க விடுமுறை, உங்கள் திட்டமும் பூட்டு. சனி பின்னேர வலையும் இருக்கும், ஆனால் திரும்புவதற்கு இருட்டிவிடும்.

குளக்கட்டு | ஜூன் 23
முல்லைத்தீவுக்கு வழி: பரந்தன் சந்தியால் ஏ35, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. ஏறத்தாழ 55 கிலோமீற்றர். சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கோ. திரும்பும்போது வேறு வழி பார்க்க விரும்பினால் ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று ஏ34. தான்தோன்றீஸ்வரர் கோயிலும் பார்த்த மாதிரி.

வட்டுவாகல் பாலத்தில் நின்று நந்திக்கடலைப் பார்க்கலாம். ஒற்றை வழிப் பாலம், பஸ் வந்தால் ஒதுங்க இடமில்லை. நடுவில் நின்று செல்பி எடுக்க வேண்டாம்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலைத் தவறவிட்டீர்கள், அது வைகாசி விசாகம். உப்புத்தண்ணியில் விளக்கெரிகிற கோயில். சிலாவத்தைக் கரையில் கடல் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் ஏற்றுவார்கள்.

குளக்கட்டு | ஜூன் 30
போன குறிப்புக்குத் திருத்தம். ஏ34 ஐப் பின்னேரம் எடுக்கச் சொன்னது பிழை. நானே எழுதின 5.30 கணக்கை நானே மறந்துவிட்டேன். மோட்டார்சைக்கிளில் போகிறவர் ஒருவர் இதை வாசித்துவிட்டு நாலரைக்கு ஒட்டுசுட்டானில் நிற்கப் போகிறார். அந்த வீதியில் யானை. ஏ34 காலமை போக, ஏ35 பின்னேரம் வர. மாற்ற வேண்டாம்.

யானை முன்னால் நின்றால்: 100 மீற்றர் தள்ளி நில்லுங்கோ, எஞ்சினை நிறுத்த வேண்டாம், ஹோர்ன் வேண்டாம், வெளிச்சத்தை அடித்து அடித்து அணைக்க வேண்டாம். மெல்லத் திருப்பி வந்த வழியே. ஒரு யானை கடந்துவிட்டது என்று உடனே போகக் கூடாது, பின்னால் குட்டி வரும். லொறி ஒன்று வரும் வரை காத்திருந்து அதன் பின்னால் போகிறதுதான் ஊர் வழக்கம்.

மோட்டார்சைக்கிள் இரவல் வாங்குகிறவர்களுக்கு: சர்வதேச ஓட்டுநர் பத்திரம் மட்டும் கையில் இருந்தால் போதாது, இலங்கையில் அதை உறுதிப்படுத்திய பத்திரமும் வேண்டும். வண்டியின் காப்புறுதி அட்டை, வருமான அனுமதிப்பத்திரம் இரண்டும் வண்டியில் இருக்க வேண்டும், திகதியைப் பாருங்கோ. ஹெல்மெட் இருவருக்கும். திட்டத்தின் பெயர் போட்ட வாகனத்தைக் கடற்கரைக்கு எடுத்துப் போவதும், திட்ட ரீ-சேட்டோடு தவறணையில் (கள்ளுக்கடையில்) குந்துவதும் வேண்டாம். திங்கட்கிழமை கிணற்றடியில் அந்தச் சனத்தின் முகத்தில்தான் முழிக்க வேண்டும்.

காவிரிக்கரை | ஜூலை 6
பாலைப்பழம் என்று ரோட்டில் விற்கிறார்கள். தேன் போல இருக்கிறது. உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டது. காட்டில் போய்ப் பறிக்கலாமா?

குளக்கட்டு | ஜூலை 6
சாப்பிட முன் உதட்டில் தேங்காய் எண்ணெய் பூச வேண்டும். ஒட்டின பிறகும் எண்ணெய்தான், தண்ணி போட்டால் இன்னும் இறுகும். பழத்தை வாயில் போட்டுச் சப்பாமல், காம்பை எடுத்துவிட்டுச் சற்று நேரம் தண்ணியில் போட்டு வைத்தால் பால் குறையும்.

பறிக்கப் போனால் ஊர் ஆட்கள் 3, 4 பேரோடு, வெயில் ஏறின பிறகு. விடியவும் பொழுதுபடவும் அந்த மரத்தடிக்குக் கரடி வரும். யானையைவிடக் கரடிக்குத்தான் காட்டுக்காரர் பயப்படுவார்கள், யானை தூரத்திலேயே தெரியும், கரடி குனிந்து தின்றுகொண்டிருக்கும், நீங்கள் முட்டின பிறகுதான் இருவருக்கும் தெரியும். கதைத்துக்கொண்டே போங்கோ. மரத்தடியில் சாக்கை விரித்து, கொப்பை உலுப்பி, விழுவதைப் பொறுக்குங்கோ. கொப்பை வெட்டி விழுத்துகிற ஆட்களோடு சேர வேண்டாம், வனத் திணைக்களம் பிடித்தால் வெளிநாட்டுக்காரருக்குத்தான் முதல் வழக்கு.

குளக்கட்டு | ஜூலை 7
தண்ணிக் கணக்கும் பிழை. ஜூன் 3 இல் 2 லீற்றர் என்றேன். அது ரக்டரில் போகிறவனுக்கு. சைக்கிளுக்கு 4, ஜூலை, ஓகஸ்டில் 5. வழியில் கிணறு வரும் என்று நம்ப வேண்டாம், பல கிணறு உவர். உங்களுக்குத்தான் அது தெரியுமே, நீங்கள் பரிசோதிக்கிற தண்ணிதானே.

சைக்கிள்கடை | ஜூலை 7
5 லீற்றர் கானை கரியரில் நிமிர்த்தி வைத்தால் மேட்டில் முன் சக்கரம் தூக்கும். இரண்டு 2½ லீற்றர் கானாக இரண்டு பக்கமும் தொங்கவிடுங்கோ, பழைய ரியூப்பால் கட்டினால் குலுங்காது.

காவிரிக்கரை | ஜூலை 13
முன் சக்கரம் ராத்திரி நிறுத்தும்போது கல்லு மாதிரி இருக்கிறது. காலையில் இறங்கிக் கிடக்கிறது. வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் குமிழே இல்லை. என்ன கோளாறு?

சைக்கிள்கடை | ஜூலை 13
வால்ரியூப். காற்று அடிக்கிற வால்வின் ஊசியில் மஞ்சள் றப்பர்க் குழாய் ஒன்று மாட்டியிருக்கும், அரை விரல் நீளம். வெக்கைக்கு அது இறுகி வெடிக்கும். ரியூப்பை மட்டும் தண்ணியில் முக்கினால் தெரியாது, வால்வு நுனியில் எச்சில் தொட்டு வையுங்கோ, குமிழி மெல்ல வரும். பழையதை உரித்து, புதியதை எச்சிலில் நனைத்து ஊசியின் ஓட்டையை மூடி அடிவரை தள்ள வேண்டும். ஓட்டையோடு நிறுத்தினால் காற்று அடிபடும்போதே கழரும். ஒரு முழ நீளம் வாங்கி வைத்தால் நீங்கள் நிற்கிற காலத்துக்குப் போதும், ஒரு தேத்தண்ணிக் காசுகூட வராது.

குளக்கட்டு | ஜூலை 28
சோளகம் நல்லா வீசுது. மன்னார் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. பூநகரியிலிருந்து ஏ32 ஆல் மன்னாருக்கு மிதித்தால் முழுக்க எதிர்காற்று, 70 கிலோமீற்றருக்குக் குறையாது, நிழல் கிடையாது. மறுவளமாகச் செய்யுங்கோ: சனி பின்னேரம் சைக்கிளோடு பஸ்ஸில் மன்னாருக்கு, ஞாயிறு விடிய 4.30க்கு மன்னாரிலிருந்து வடக்கே. காற்று முதுகில் தள்ளும். விடத்தல்தீவு, பள்ளமடு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம். 10 மணிக்கு முன் முழங்காவில் வந்துவிடலாம். அங்கேயே பஸ் ஏறினாலும் மானம் போகாது. பூநகரியில் பழைய கோட்டையின் மிச்சம் இருக்கு, வடக்கே திரும்பினால் சங்குப்பிட்டிப் பாலம், 2011 இல் திறந்தது, யாழ்ப்பாணத்துக்குக் குறுக்கு வழி. பாலத்தில் பக்கக்காற்று ஆளைத் தூக்கும், இறங்கி உருட்டுங்கோ. பூநகரியிலிருந்து பரந்தனுக்கு வரும் வீதியிலும் காற்றுச் சாய்வாகத்தான் அடிக்கும்.

பஸ்ஸில் ஏற்ற, பின் ஏணியும் மேல்தட்டும் உள்ள பஸ்ஸாகப் பார்த்து, நடத்துநரிடம் முதலே கேட்டு, நீங்களே ஏறிக் கட்ட வேண்டும். அவர் கட்டினால் பெடல் வளையும்.

மன்னாரில் பள்ளிமுனைப் பெருக்கமரம் (பாவோபாப்), திருக்கேதீச்சரம், வீதியில் திரிகிற கழுதைகள். தலைமன்னார் முனையில் நின்றால் உங்கள் தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இந்திய சிம் போனில் இருந்தால் ரோமிங்கை அணைத்துவிடுங்கோ, அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்தால் பிறகு என்னைத் திட்டக் கூடாது.

காவிரிக்கரை | ஓகஸ்ட் 4
ரயிலில் தலைமன்னார் போகலாமா? மடு மாதா கோயிலும் அந்த வழிதானே?

குளக்கட்டு | ஓகஸ்ட் 4
அந்தப் பாதை 2015 இல் மறுபடி திறந்தது. ஆனால் கிளிநொச்சியிலிருந்து நேரே இல்லை, யாழ்ப்பாணப் பாதையால் தெற்கே மதவாச்சிக்குப் போய் அங்கே மாற வேண்டும். பெரிய சுற்று. வார இறுதிக்கு பஸ்தான். "மடு வீதி" நிலையத்தில் இறங்கினால் கோயில் வாசல் என்று நினைக்க வேண்டாம், அங்கிருந்து காட்டு வீதி. ஓகஸ்ட் 15 பெருநாளுக்குச் சனம் கிழமைக்கணக்கில் கூடாரம் அடித்துத் தங்கும். கூட்டம் வேண்டுமென்றால் அந்த நாள். மாதாவோடு தனியாக இருக்க வேண்டுமென்றால் பெருநாள் முடிந்து ஒரு மாதம் கழித்து.

கரைவலை | ஓகஸ்ட் 11
இரணைதீவு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இரணைமாதா நகரிலிருந்து வள்ளம். 1992 இல் இடம்பெயர்ந்த சனம் 2018 இல்தான் திரும்பிப் போய்க் குந்தினது. போகிறதென்றால் அங்கே வீடோ தொழிலோ உள்ள ஒருவரோடு, அடையாளப் பத்திரத்தோடு. ஆனால் இப்போது வேண்டாம். சோளகம் 10 மணிக்குமேல் எழும்பும், வழி முழுக்க மேலெல்லாம் உப்புத்தண்ணி. உயிர்காப்பு அங்கி இல்லாத வள்ளத்தில் எந்த மாதமும் ஏற வேண்டாம்.

காவிரிக்கரை | ஓகஸ்ட் 25
சுண்டிக்குளம் பூநாரை பார்க்க அடுத்த வாரம் கிளம்புகிறோம். இரண்டு பேர் சைக்கிள், மூன்று பேர் வேன்.

குளக்கட்டு | ஓகஸ்ட் 25
தேசியப் பூங்கா 2015 இலிருந்து அங்கேதான் இருக்கு, பறவைதான் இருக்காது. வலசை வருவது வாடையோடு, கார்த்திகைக்குப் பிறகு. இப்போது போனால் காய்ந்த களப்பும் (கடல்நீரேரி), வெள்ளை வெளேரென்ற உப்பும், கானல்நீரும். அதுவும் ஒரு அழகு, ஆனால் பூநாரை என்று சொல்லி மூன்று பேரைக் கூட்டிப் போகாதேங்கோ.

வேன் மணலில் புதைந்தால் அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க அச்சுவரை இறங்கும். நிறுத்தி, ஆட்களை இறக்கி, ரயர்க் காற்றைப் பாதியளவு விட்டு, சில்லுக்கு முன்னால் மணலை வாரி, பனையோலையோ சாக்கோ போட்டு, இரண்டாம் கியரில் மெல்ல. வெளியே வந்ததும் காற்று அடிக்காமல் தார் வீதியில் ஓடினால் ரயர் சூடேறி வெடிக்கும். ஆகவே வேனுக்கும் ஒரு பம்பு.

களப்பின் காய்ந்த சேறு மேலே ஓடு மாதிரி, கீழே களி. சைக்கிளை அதில் இறக்க வேண்டாம். இரவு தங்குவதும் வேண்டாம்.

காவிரிக்கரை | ஓகஸ்ட் 26
சரி, வேன்காரர்களிடம் நானே சொல்கிறேன். திட்டு எனக்கு. தங்குவது என்றதும் நினைவுக்கு வந்தது, பாம்பு?

குளக்கட்டு | ஓகஸ்ட் 27
புடையன் (கண்ணாடி விரியன்), எட்டடி விரியன் (கட்டுவிரியன்), நாகம், மூன்றும் உண்டு. எட்டடி விரியன் இரவில் நிலத்தில் படுத்திருக்கிறவனைக் கடிக்கும், கடித்த இடம் தெரியாது, வலியும் பெரிதாக இராது, விடிய வயிற்றுக்குத்தும் கண்ணிமை தொங்கலுமாக எழும்புவார். கட்டிலில் படுங்கோ. முடியாவிட்டால் நுளம்புவலையின் ஓரத்தைப் பாயின் அடியில் சுற்றிவரச் செருகுங்கோ. இரவில் ரோச் இல்லாமல் கிணற்றடிக்கும் போகக் கூடாது.

கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் தடியோடு சேர்த்து வைத்து, மோதிரம், வளையலைக் கழற்றி, 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அடித்து ஆஸ்பத்திரிக்கு. பாம்பைத் தேடி அடிக்க ஒருவர் போனால் இரண்டு நோயாளி ஆகும்.

காட்டுப்பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். வெளிக்கிடும் முன் ஒரு தாளில்: யார் யார், எந்த வீதி, எத்தனை மணிக்குத் திரும்புவது, எத்தனை மணிக்கு மேல் தேட வேண்டும். அதை அலுவலகத்தில் அல்ல, சமைக்கிற அக்காவிடம் குடுங்கோ. அலுவலகம் ஞாயிறு பூட்டு. அக்கா சோற்றுப் பானையோடு காத்திருப்பா, நேரம் பிந்தினால் முதல் சத்தம் போடுவது அவதான்.

குளக்கட்டு | செப்டெம்பர் 15
21 ஆம் திகதி சனிக்கிழமை சனாதிபதித் தேர்தல். பஸ் குறைவாக இருக்கும், கடை பூட்டு. அந்த இரண்டு நாளும் வீட்டில் இருந்து உடுப்புத் தோயுங்கோ.

காவிரிக்கரை | ஒக்டோபர் 6
மழை தொடங்கிவிட்டது. கடைசி வார இறுதி. வயல் வரம்பு வழியாக நடக்கலாம் என்று ஒரு யோசனை.

குளக்கட்டு | ஒக்டோபர் 6
எலிக்காய்ச்சல். மழைக்கு வயல்தண்ணியில் காலில் புண்ணோடு இறங்கினால் வரும். நீங்கள் கிணறு இறைக்கிறவர், ஏற்கெனவே காலில் கீறல் இருக்கும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கோ, வயலுக்கு இறங்குகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரை அவர்களிடம் உண்டு. போய்விட்டு வந்து 2 கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் என்றால் திருச்சி வைத்தியரிடம் "வயல்தண்ணியில் நின்றேன்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அவர் டெங்கு என்று நினைப்பார்.

குளக்கட்டிலே நடங்கோ, வரம்பு வேண்டாம். சைக்கிளை என்ன செய்யப் போறீர்கள்?

காவிரிக்கரை | ஒக்டோபர் 7
சமைக்கிற அக்காவின் மகன் ரியூசனுக்கு நடந்து போகிறான், அவனுக்கு.

சைக்கிள்கடை | ஒக்டோபர் 7
ஆசனத்தை 2 அங்குலம் இறக்குங்கோ. முன் வால்ரியூப்பை மாற்றிவிட்டுக் குடுங்கோ.